கம்பெனி இல்லாமல் 28 ஆண்டுகள்: .22-250 என்ற காட்டுப்பூனைத் தோட்டா

1963இல் பிரவுனிங் நிறுவனம் ஒரு ரைபிளை விற்பனைக்கு விட்டது. ரைபிளில் விசேஷம் ஒன்றும் இல்லை, பெல்ஜியத்தின் எஃப்.என். தொழிற்சாலையில் செய்தது, நல்ல வால்நட் மரக் கட்டை, அவ்வளவுதான். விசேஷம் அதில் போடும் தோட்டாவில் இருந்தது. அந்தத் தோட்டாவை அன்றைக்கு எந்தப் பெரிய தோட்டாக் கம்பெனியும் செய்யவில்லை. கடையில் ரைபிள் கிடைக்கும், தோட்டா கேட்டால் கடைக்காரர் கையை விரிப்பார். வாங்கியவர் வீட்டு மேசையில் உட்கார்ந்து, பித்தளைக் கூட்டில் வெடிமருந்தும் குண்டும் வைத்துத் தானே தோட்டா கட்டிக்கொள்ள வேண்டும்.

அப்படியும் ஆட்கள் அந்த ரைபிளை வாங்கினார்கள். ஏனென்றால் அந்தத் தோட்டா அவர்களுக்குப் புதிதல்ல. அமெரிக்காவின் துப்பாக்கிப் பட்டறைகளிலும் வீட்டுக் கொட்டகைகளிலும் அது கால் நூற்றாண்டாகப் புழங்கிக்கொண்டிருந்தது. அதன் பெயர் .22-250. இதில் .22 என்பது அங்குலத்தில் குழல் துளையின் அளவு. இரண்டு ஆண்டு கழித்து, 1965இல், ரெமிங்டன் கம்பெனி அதைத் தன் பட்டியலில் சேர்த்து, பெயருக்குப் பின்னால் தன் பெயரையும் ஒட்டிக்கொண்டது. அதே சமயம், அதைவிட வேகமான, பெரிய கம்பெனி ஒன்றின் சொந்தத் தயாரிப்பான .220 ஸ்விஃப்ட் ஏறக்குறைய மூச்சை நிறுத்திக்கொண்டிருந்தது. வேகமானது தோற்று, வேகம் சற்றுக் குறைந்தது எப்படி ஜெயித்தது என்பதுதான் இங்கே பார்க்கப்போகும் கேள்வி.

காட்டுப்பூனை என்றால்

தொழிற்சாலை செய்யாத, தரநிலை எதுவும் இல்லாத, ஆர்வலர்கள் தாங்களே உருவாக்கும் தோட்டாவை அமெரிக்கர்கள் ‘வைல்ட்கேட்’ என்பார்கள். காட்டுப்பூனை. பொருத்தமான பெயர்தான், வீட்டுப் பூனை போல யார் மடியிலும் உட்காராது, யார் கணக்கிலும் வராது.

செய்முறையின் அடிப்படை எளிது. ஏற்கெனவே விற்பனையில் இருக்கும் ஒரு தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்துக்கொள்வார்கள். அதன் கழுத்தை எஃகு அச்சுக்குள் தள்ளிக் குறுக்குவார்கள், சில சமயம் விரிப்பார்கள், அல்லது தோளின் சரிவை மாற்றுவார்கள். பிறகு அந்த உருவத்துக்குப் பொருந்தும்படி ரைபிள் குழலின் பின்பக்க அறையை ரீமர் என்ற குடையும் கருவி போட்டுக் குடைவார்கள். பெரிய கூட்டுக்குச் சின்ன வாய் வைத்தால் நிறைய மருந்தின் அழுத்தம் ஒரு சின்னக் குண்டைத் தள்ளும், குண்டு பறக்கும். சொல்ல எளிது, செய்ய அவ்வளவு எளிதல்ல. கழுத்தைக் குறுக்கும்போது பித்தளை அங்கே தடித்துப்போகும். அது அறைக்குள் இறுகினால் குண்டு வெளியேறத் தடை வரும், அழுத்தம் எகிறும். ஒரு பட்டறைக்காரர் குடைந்த அறைக்கும் இன்னொருவர் குடைந்த அறைக்கும் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் ஒருவருக்காகக் கட்டிய தோட்டா மற்றவருக்கு ஆபத்து. விரலை, கண்ணை இழந்தவர்கள் உண்டு. இந்தப் பொழுதுபோக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை விட்டுவிட்டுப் பேசக் கூடாது.

தாய்க் கூடு

.22-250க்குத் தாய் .250-3000 சாவேஜ். இதை வடிவமைத்தவர் சார்லஸ் நியூட்டன், சாவேஜ் கம்பெனிக்காக. மாடல் 99 என்ற லீவர் ரைபிளுக்கென்று 1915இல் வெளிவந்தது. நியூட்டனின் விருப்பம் 100 கிரெயின் எடையுள்ள குண்டு. ஆனால் அதை விநாடிக்கு 3,000 அடி வேகத்தில் தள்ள முடியவில்லை. 3,000 என்ற எண்ணை விளம்பரத்தில் போட ஆசைப்பட்ட சாவேஜ் குண்டை 87 கிரெயினாகக் குறைத்தது. தோட்டாவின் பெயரிலேயே வேகத்தை எழுதிவிட்டார்கள். இந்தத் துறையில் எண் மயக்கம் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

கிரெயின் என்பது நம் ஊர்க் குன்றிமணி மாதிரி ஒரு பழைய எடை. வாற்கோதுமை மணியை வைத்து வந்தது. ஒரு கிரெயின் 0.0648 கிராம். நாம் பேசப்போகும் 55 கிரெயின் குண்டு 3.56 கிராம், அதாவது அரைப் பவுன்கூட இல்லை. இந்த அளவை மனதில் வைத்துக்கொண்டு மேலே படித்தால் வேகத்தின் அருமை புரியும்.

சுடுவதற்கு என்ன இருந்தது

இவ்வளவு சின்னக் குண்டை இவ்வளவு வேகமாக ஏன் தள்ள வேண்டும்? நியூயார்க், பென்சில்வேனியா, ஒஹையோ, வெர்மான்ட் மாநிலங்களின் பண்ணை நிலங்களில் உட்சக் என்று ஒரு பிராணி உண்டு. அணில் குடும்பம்தான், ஆனால் கொழுத்த பூனை அளவு இருக்கும். தீவனப் பயிரைத் தின்னும், வயலில் பொந்து தோண்டும். அதை ஒழிக்க வேட்டைக்காரர்களைப் பண்ணைக்காரர்கள் சந்தோஷமாகவே உள்ளே விட்டார்கள். ஆனால் பிராணி சின்னது, எச்சரிக்கையானது, பொந்தின் வாயிலேயே உட்கார்ந்திருக்கும். 250 கஜத்துக்கு அப்பாலிருந்து சுட வேண்டும். தூரத்தைக் கண்ணால்தான் மதிப்பிட வேண்டும். லேசர் எல்லாம் பின்னால் வந்தது. மதிப்பீடு 40 கஜம் தப்பினாலும் குறி தப்பாமல் இருக்க வேண்டுமென்றால் குண்டின் பாதை கிட்டத்தட்ட நேர்கோடாக இருக்க வேண்டும். அதற்கு வேகம் வேண்டும். இன்னொரு காரணம், வேகமான சின்னக் குண்டு மண்ணிலோ கல்லிலோ பட்டதும் பொடியாகிவிடும். தெறித்துப் போய் அடுத்த பண்ணை மாட்டின் மேல் படாது.

1930இல் வின்செஸ்டர் என்ற பெரிய துப்பாக்கிக் கம்பெனி .22 ஹார்னெட் தோட்டாவை விற்கத் தொடங்கியிருந்தது. அதுவும் ஆர்வலர்களிடம் பிறந்ததுதான். அதில் கை வைத்தவர்களில் ஒருவர் கேப்டன் குரோவ்னர் வாட்கின்ஸ். ஹார்னெட் இனிமையான தோட்டா, ஆனால் 150, 175 கஜம் தாண்டினால் தொய்ந்துவிடும்.

ஸ்விஃப்ட்: எண்ணில் முதலிடம்

வாட்கின்ஸ் அடுத்து .250 சாவேஜ் கூட்டின் கழுத்தை .22 அளவுக்குக் குறுக்கிப் பார்த்தார். வின்செஸ்டர் யோசனையைப் பிடித்துக்கொண்டது, கூட்டை மாற்றிவிட்டது. சாவேஜ் கூட்டுக்குப் பதிலாக, 1890களில் அமெரிக்கக் கடற்படைக்காகத் தானே ரைபிள் செய்துகொடுத்த 6 மி.மீ. லீ நேவி தோட்டாவின் கூட்டை எடுத்தது. நீளமானது, உறுதியானது, உடம்பு மெல்லச் சரிந்து போவது. அப்படிப் பிறந்த .220 ஸ்விஃப்ட் 1935இல் வந்தது. 48 கிரெயின் குண்டு, விநாடிக்கு 4,110 அடி, அதாவது 1,253 மீட்டர். 4,000 அடியைத் தாண்டிய முதல் தொழிற்சாலைத் தோட்டா இதுதான்.

வந்த கையோடு கெட்ட பெயரும் வந்தது. குழலைத் தின்றுவிடுகிறது என்றார்கள். மருந்து எரியும் சூடு குழலின் தொண்டையில், குண்டைச் சுழல வைக்கும் முறுக்கு வரிக்குள் குண்டு நுழையும் அந்த ஒரு விரற்கடை இடத்தில், எஃகை அரித்துவிடும். சின்னத் துளை வழியே பெரிய தீ வெளியேறினால் அரிப்பும் அதிகம். அன்றைய சாதாரணக் குழல் எஃகு இதற்குத் தயாராக இல்லை. வின்செஸ்டர் பின்னால் ஸ்விஃப்டுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழல் போட்டது. குண்டுகளும் தயாராக இல்லை. ஹார்னெட் வேகத்துக்குச் செய்த மெல்லிய செம்பு உறைக் குண்டுகளை ஸ்விஃப்டில் போட்டால் சில வழியிலேயே சிதறின. கூட்டின் சரிந்த உடம்பால் பித்தளை முன்பக்கமாக நீண்டுகொண்டே போகும். திரும்பத் திரும்பக் கட்டுபவர்கள் கழுத்தை அடிக்கடி வெட்டிச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

அப்புறம் மான் விவகாரம். சிலர் ஸ்விஃப்டை மான் மீது சுட்டுப் பார்த்தார்கள். சமயத்தில் மின்னல் அடித்தது போல விழுந்தது, சமயத்தில் தோளில் பெரிய மேலோட்டக் காயத்தோடு ஓடியது. யானை வேட்டையில் பேர் பெற்ற டபிள்யூ.டி.எம். பெல் ஸ்காட்லாந்தில் சிவப்பு மான்களை ஸ்விஃப்டால் சுட்டு மனதாரப் பாராட்டினார். ஆனால் பெல்லின் குறி எல்லோருக்கும் வாய்க்குமா?

என் கணிப்பில் ஸ்விஃப்டுக்கு நேர்ந்ததில் பாதி அநியாயம். தோட்டாவின் குற்றம் கொஞ்சம். அது பத்து ஆண்டு முன்னதாகப் பிறந்ததும், சூடு ஆறவிடாமல் இருபது தோட்டாவைக் கடகடவென்று சுட்டுத்தள்ளியவர்களின் அவசரமும் மிச்சம். 4,110 என்ற எண்ணை அட்டைப்பெட்டியில் போட்டதால் ஒவ்வொரு குறையும் அந்த எண்ணின் தலையில் விழுந்தது.

பட்டறையில் வளர்ந்தது

வின்செஸ்டர் கைவிட்ட சாவேஜ் கூட்டை ஆர்வலர்கள் கைவிடவில்லை. வாட்கின்ஸின் வடிவம் ‘வாட்கின்ஸ் ஒரிஜினல் ஸ்விஃப்ட்’ என்ற பெயரில் தொடர்ந்தது. அசல் நான்தான் என்று பெயரிலேயே சொல்லிக்கொண்டது. நியூயார்க் மாநிலத்தின் ஹார்வி டொனால்ட்சன் உள்பட வேறு சிலரும் அதே கூட்டில் வேலை செய்தார்கள். எல்லோரும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டவர்கள், ஒருவர் கண்டதை மற்றவர் சோதித்தவர்கள். இந்தத் தோட்டாவுக்கு ஒரே தந்தையைத் தேடினால் ஏமாற்றம்தான்.

ஆனால் இன்று நாம் காணும் வடிவத்துக்கு மிக அருகில் வந்தவர்கள் ஜே.ஈ. கெபியும் ஜே. புஷ்னெல் ஸ்மித்தும். கெபி துப்பாக்கிப் பட்டறைக்காரர். ஸ்மித் கையால் தோட்டா கட்டி விற்றவர். 1937இல் அவர்கள் சாவேஜ் கூட்டின் 26½ பாகைத் தோளை 28 பாகையாக நிமிர்த்தினார்கள். ‘.22 வார்மின்ட்டர்’ என்று பெயர் வைத்து, அந்தப் பெயருக்கு உரிமையும் பதிந்துகொண்டார்கள். இங்கேதான் ஒரு வேடிக்கை. பெயரைப் பூட்டி வைத்ததால் மற்ற பட்டறைக்காரர்களால் அதைப் பயன்படுத்த முடியவில்லை. .22 வாய், .250 கூடு, ஆகவே .22-250 என்று உள்ளதை உள்ளபடி எழுதத் தொடங்கினார்கள். உரிமை பெற்ற பெயர் ஒதுங்கிப்போய், யாருக்கும் சொந்தமில்லாத பெயர் நிலைத்தது.

தோளை ஒன்றரை பாகை நிமிர்த்துவதால் என்ன வந்துவிடும்? சுடும்போது பித்தளை முன்னோக்கி ஓடாமல் தோள் தடுத்துப் பிடிக்கும், மருந்து கூட்டுக்குள்ளேயே எரியும் என்றெல்லாம் அந்தக் காலத்தவர் எழுதினார்கள். எரிவது பற்றிய கோட்பாட்டில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஸ்விஃப்டை விடக் குட்டையான, நிமிர்ந்த தோளுள்ள இந்தக் கூடு குறைவாக நீண்டது, பல முறை திரும்பக் கட்டத் தாங்கியது என்பது மட்டும் கண்ணால் கண்ட உண்மை. கையால் கட்டுபவருக்கு அது பணம். தாய்க்கூடு எல்லா ஊர்க் கடையிலும் கிடைத்தது, ஒரே அச்சில் ஒரே தள்ளலில் கழுத்து குறுகிவிடும். ஒரு காட்டுப்பூனைக்கு இதைவிடச் சுகமான பிறப்பு அமையாது.

உண்மையில் இந்தத் தோட்டாவைத் தூக்கி நிறுத்தியது அடுத்த இருபது ஆண்டுகளில் அதைச் சுற்றி முளைத்த தொழில். இரண்டாம் உலகப் போரின்போது குண்டு கிடைக்கவில்லை. சுட்டுப் போட்ட .22 ரிம்ஃபயர் என்ற சின்ன, மலிவான தோட்டாவின் காலிக் கூடுகளைப் பொறுக்கி, நசுக்கி, உள்ளே ஈயம் வைத்து .22 குண்டுகளாக்கும் அச்சுகளை ஃபிரெட் ஹன்டிங்டன் செய்யத் தொடங்கினார். மேற்குப் பக்கத்து உட்சக்கான ‘ராக் சக்’ வேட்டைக்கான குண்டு அச்சு என்பதால் ராக் சக் புல்லட் ஸ்வேஜ், சுருக்கமாக ஆர்.சி.பி.எஸ். இன்று தோட்டா கட்டும் கருவிகளின் உலகில் அந்த நான்கெழுத்தைத் தெரியாதவர் இல்லை. பலருக்கு விரிவாக்கம் தெரியாது. ஸ்பியரும் ஹார்னடியும்கூட இதே காலிக்கூட்டு வித்தையில் கை நனைத்து, பிறகு உறுதியான உறையோடு குண்டு செய்யும் கம்பெனிகளாக வளர்ந்தவர்கள். போர் முடிந்ததும் புரூஸ் ஹாட்ஜ்டன் அரசு வேண்டாமென்று கழித்த ராணுவ மருந்தை மொத்தமாக வாங்கிச் சில்லறையில் விற்றார். அவர் விற்ற உருண்டை மருந்துகளில் ஒன்றுக்கு எச்380 என்று பெயர். தன் .22-250 காட்டுப்பூனையில் 52 கிரெயின் குண்டுக்கு அவர் போட்ட அளவு 38.0 கிரெயின், அதுவே பெயராகிவிட்டது. அது அவர் ரைபிளுக்கு அவர் கண்ட அளவு, வேறு ரைபிளுக்கான மருத்துவச் சீட்டு அல்ல. ஒரு காட்டுப்பூனைக்குப் பொருந்திய அளவே கடைப் பொருளுக்குப் பெயரானது என்றால், அது எவ்வளவு பேர் வீட்டில் வளர்ந்திருக்க வேண்டும்!

ஆக, ஸ்விஃப்ட் தடுமாறிய இடங்களை எல்லாம் .22-250 பிறர் செலவில் தாண்டியது. நல்ல குண்டு வந்தது, நல்ல மருந்து வந்தது, குழல் எஃகு தேறியது, தொலைநோக்கிகள் தேறின. இத்தனையும் வந்து சேர்ந்தபோது அது எந்தக் கம்பெனியின் வாக்குறுதியையும் சுமந்துகொண்டிருக்கவில்லை.

எண்கள்

இப்போது செயல்திறனைப் பார்ப்போம். 55 கிரெயின் குண்டுக்கு ரெமிங்டன் பட்டியல் தரும் வேகம் விநாடிக்கு 3,680 அடி, 1,122 மீட்டர். ஒலியை விட மூன்று மடங்குக்கும் மேல். 100 கஜத்தில் 3,137, 200 கஜத்தில் 2,656, 300 கஜத்தில் 2,222, 400 கஜத்தில் 1,832 அடி. வாய்முனையில் ஆற்றல் சுமார் 2,240 ஜூல். 300 கஜத்தில் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். இலேசான குண்டு காற்றில் சீக்கிரம் களைத்துவிடும் என்பதை இந்த எண்களே சொல்லும்.

200 கஜத்துக்குக் குறி வைத்துச் சீர்செய்தால் 300 கஜத்தில் குண்டு ஒரு சாணுக்கும் குறைவாகவே கீழே விழும். உட்சக் வேட்டைக்காரருக்கு இது வரம். ஆனால் பக்கவாட்டில் மணிக்கு 10 மைல் காற்று அடித்தால் அதே தூரத்தில் ஓர் அடி தள்ளிப்போகும். விழுவதை வேகம் சரிசெய்யும், காற்றைச் சரிசெய்யாது. இந்தப் பாதியை விளம்பரங்கள் சொல்வதில்லை.

குழலின் முறுக்கு வரி 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அந்த வேகத்தில் கணக்குப் போட்டால் குண்டு நிமிடத்துக்குச் சுமார் 1,89,000 முறை சுழல்கிறது. மெல்லிய உறை கிழிந்துபோவதில் ஆச்சரியம் என்ன?

ஸ்விஃப்டோடு ஒப்பிட்டால், ஸ்விஃப்ட் கூட்டின் கொள்ளளவு பத்தில் ஒரு பங்கு கூடுதல். வாய் அகலமும் அழுத்தமும் மாறாமல் கொள்ளளவு மட்டும் கூடினால், அந்தக் கூடுதல் சதவீதத்தில் கால் பங்கு அளவுக்கே வேகம் கூடும் என்று தோட்டா கட்டுபவர்களிடையே ஒரு கைக்கணக்கு உண்டு. 10 சதவீதத்துக்கு இரண்டரை சதவீதம், அதாவது 90 அடி சொச்சம். ஒரே எடைக் குண்டை வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் இடையே அவ்வளவுதான் உண்மையான இடைவெளி. 300 கஜத்தில் அந்த வித்தியாசத்தை உட்சக்கும் உணராது, சுடுபவரும் உணரமாட்டார். அதற்கு விலையாகக் கூடுதல் மருந்து, கூடுதல் சூடு, கூடுதல் குழல் தேய்மானம்.

இந்தக் கைக்கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்க்க ஆசைப்பட்டவர் பி.ஓ. ஆக்லி. கொலராடோ மாநிலத்தின் டிரினிடாட் கல்லூரியில் துப்பாக்கித் தொழில் கற்பித்தவர், எதையும் செய்து பார்த்துவிட்டுத்தான் பேசுவார். யானை, காட்டெருமைக்கான .378 வெதர்பி கூட்டை எடுத்து .22 அளவுக்குக் கழுத்தைக் குறுக்கினார். காதைக் கிழிக்கும் ஓசை என்ற பொருள் தொனிக்க, போலி ஜெர்மன் மொழியில் ‘இயர்ஜ்ஸ்பிலிட்டன் லௌடன்பூமர்’ என்று பெயர் வைத்தார். இலக்கு விநாடிக்கு 5,000 அடி. .22-250ஐப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு கொள்ளளவு. கிடைத்தது 50 கிரெயின் குண்டுக்கு 4,600 அடி. அதே குண்டை .22-250 சுமார் 3,800இல் தள்ளும். மூன்று மடங்கு இடத்துக்கு 21 சதவீத வேகம். ஆக்லிக்கு இது கேலியும் பாடமும் சேர்ந்த சோதனை. இதை உருப்படியான தோட்டா என்று அவரே விற்கவில்லை.

பட்டியலில் ஏறியது

1964இல் வின்செஸ்டர் தன் மாடல் 70 ரைபிளை மாற்றியமைத்தது. அதோடு ஸ்விஃப்டையும் கைவிட்டு, .225 வின்செஸ்டர் என்ற புதுத் தோட்டாவைக் கொண்டுவந்தது. சரி, நல்ல தோட்டாதான். ஆனால் வேகம் .22-250க்கு ஒரு மாற்றுக் குறைவு, கூட்டுக்கு நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு வேறு. அடுத்த ஆண்டே ரெமிங்டன் மாடல் 700லும் 40-எக்ஸ்.பி. இலக்கு ரைபிளிலும் .22-250ஐ விட்டது. .225 எழுந்திருக்கவே இல்லை.

ரெமிங்டனைப் பலர் தொலைநோக்குள்ள கம்பெனி என்று பாராட்டுவார்கள். எனக்கு அவ்வளவு தாராளம் வரவில்லை. 28 ஆண்டு ஆராய்ச்சியை ஊரார் செய்து முடித்த பிறகு முத்திரை குத்துவதற்கு எவ்வளவு தொலைநோக்கு வேண்டும்? பிரவுனிங்காவது தோட்டா இல்லாமல் ரைபிள் விற்கத் துணிந்தது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அறையின் அளவும் அழுத்தத்தின் உச்சவரம்பும் எழுத்தில் வந்தது ரெமிங்டன் வந்த பிறகுதான். அமெரிக்கத் தரநிலைப்படி இன்று உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 65,000 பவுண்டு. பட்டறைக்குப் பட்டறை மாறிய தோளும் கழுத்தும் அன்றோடு ஒன்றாயின. பெட்டியில் வாங்கிய தோட்டா எந்த .22-250 ரைபிளிலும் பயமில்லாமல் போகும் என்ற நிலையைக் காட்டுப்பூனைக்காரர்களால் ஒருபோதும் தந்திருக்க முடியாது.

ஸ்விஃப்ட் சாகவில்லை. 1973இல் ரூகர் கம்பெனி தன் மாடல் 77 ரைபிளில் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. நவீனக் குழலும் குண்டும் வைத்துச் சுட்டுப் பார்த்தவர்கள் பழைய புகார்களில் பாதியைக் காணோமே என்றார்கள். ஆனால் சந்தை அதற்குள் .22-250 பக்கம் சாய்ந்திருந்தது.

இப்போது .22-250க்கும் வயதாகிறது. பழுது அந்த 14 அங்குல முறுக்கில் இருக்கிறது. அன்றைய குட்டைக் குண்டுக்கு அது போதும். இன்றைய ஆட்கள் காற்றை வெட்டிப்போகும் நீளமான, கனமான குண்டு கேட்கிறார்கள். கலிபோர்னியா 2019இலிருந்து வேட்டையில் ஈயத் தோட்டாவை முழுக்கத் தடை செய்தபின் செம்புக் குண்டுகளின் தேவையும் கூடியது. ஈயத்தை விட இலேசான உலோகம் என்பதால் அதே எடைக்கு அவை நீளம் கூடுதல். நீளக் குண்டு நேராகப் பறக்க வேகமான முறுக்கு வேண்டும். 14 அங்குலக் குழலில் அவை தலைகுப்புறப் புரளும். 8 அல்லது 9 அங்குல முறுக்கோடு புதுக் குழல் மாற்றிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். இன்னும் சிலர் 6.5 கிரீட்மோர் என்ற இன்னொரு தோட்டாவின் கூட்டுக் கழுத்தை .22 ஆகக் குறுக்கிய .22 கிரீட்மோர் பக்கம் போய்விட்டார்கள். அதுவும் ஆர்வலர்களின் மேசையில் காட்டுப்பூனையாகப் பிறந்து, சில ஆண்டு அலைந்துவிட்டு அண்மையில் தரநிலைப் பட்டியலில் ஏறியதுதான்.